சர்க்கரையால் வரும் பாத எரிச்சல்: மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு இரவுதான் தோது. பகலெல்லாம் வேலையில் அடங்கிக் கிடந்தது, படுத்த பிறகு தலைதூக்கும். போர்வை நுனி பட்டாலே கூசும். சிலர் காலைச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். சிலர் ஈரத்துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். சிலர் எழுந்து மொட்டை மாடியில் நடப்பார்கள். விடிந்ததும் மருந்துக் கடையில் ‘நரம்புக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு ஒரு பட்டை மாத்திரை வாங்கி வருவார்கள். வைத்தியம் அத்தோடு முடிந்தது என்று பெயர்.

இதில் வேலை இரண்டு இருக்கிறது. எரிச்சலைக் குறைப்பது ஒன்று, பாதத்தைக் காப்பது மற்றொன்று. மாத்திரை முதல் வேலையை மட்டும் செய்யும். சர்க்கரை கட்டுக்குள் வராமலே எரிச்சல் தானாக நின்றுபோனால் பலர் குணமாகிவிட்டதாக நினைக்கிறார்கள். நரம்பு அறவே செயலிழந்து கால் மரத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும். எரிகிற கால் தூக்கத்தைக் கெடுக்கும். மரத்துப்போன கால்தான் மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பலருக்கு இரண்டும் ஒரே பாதத்தில் இருக்கும்: உள்ளே எரியும், மேலே தொட்டால் தெரியாது.

முதல் படி: இது நரம்பு வலிதானா?

உடலில் மிக நீளமான நரம்புகள் கால்விரல் நுனிவரை போகிறவை. நெடுநாளாக இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்பையும், நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது, முதலில் அடிவாங்குவது அந்தக் கடைக்கோடி. ஆகவே தொந்தரவு இரண்டு பாதங்களிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விரல்நுனியில் தொடங்கும். ஆண்டுகள் போகப்போக சாக்ஸ் ஏறும் உயரத்துக்கு மெல்ல ஏறும். முழங்காலை நெருங்கும் காலத்தில் கைவிரல்களும் மதமதக்கத் தொடங்கும். எரிச்சல், ஊசிக்குத்தல், சுரீரென்று ஓடும் மின்னதிர்ச்சி, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுவது ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தச் சாயலில் இல்லாத வலியைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து தொடை வழியாக இறங்கும் வலி முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுவதால் இருக்கலாம். நாலு கடை தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் இரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பு எரிச்சல் இதற்கு நேர்மாறு. படுத்தால் கூடும், எழுந்து நடந்தால் சற்றுத் தணியும். இரத்த ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்குப் படுக்கையிலும் வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் சுகம். இப்படி இருந்தால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

இன்னும் சில காரணங்கள் சர்க்கரை நோயாளிகளிடமே ஒளிந்திருக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்துவருபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அந்தக் குறைபாடும் இதே எரிச்சலைத் தரும். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை பி6 சத்தைக் குறைத்து நரம்பைத் தாக்கும். தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட மதுப்பழக்கம் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வெளிறிய தேமல் ஒன்று தோலில் இருந்து, அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுக்கக் குணமாகக் கூடியதும்கூட.

இரண்டாம் படி: வீட்டில் ஒரு தொடு சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் கண்ணை மூடிக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சுட்டுவிரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொரு பாதத்திலும் மூன்று விரல்களின் நுனியைத் தொட வேண்டும். ஒன்றிரண்டு நொடி, பூப்போல. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. தொட்டதும் ‘வலது’, ‘இடது’ என்று அவர் சொல்ல வேண்டும். ஒரு விரலில் பதில் வரவில்லை என்பதற்காக மறுபடி அதையே தொட்டுப் பார்க்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இது நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் போகும் பேத்தி, “அப்பத்தா, கண்ணைத் திறக்காதீர்கள். தொட்டதும் எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றாள். அப்பத்தா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “நீ இன்னும் தொடவே இல்லையே தாயி?” என்று கேட்டார். அதற்குள் அவள் இரண்டு விரல்களைத் தொட்டு முடித்திருந்தாள்.

ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். அந்தப் பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது என்று வைத்துக்கொண்டே இனி எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் என்ன கேட்பது

செருப்பைக் கழற்றாமலே முடிகிற ஆலோசனை பாதி ஆலோசனைதான். நீங்களே கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் கண்டுபிடித்த நாளிலேயே பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், முன்பு புண் வந்தவர்களுக்கும் சில மாதங்களுக்கு ஒரு முறை.

மோனோஃபிலமென்ட் எனப்படும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் விசையில் அது வளையும். அது வளைந்தும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உணர்ச்சி போய்விட்டது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவைத்துப் பெருவிரல் எலும்பில் வைப்பார்கள். பயோதீசியோமீட்டர் என்ற கருவி அந்த அதிர்வையே வோல்ட் கணக்கில் காட்டும். 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் அதிர்வு தெரிகிறது என்றால் புண் வரும் அபாயம் அதிகம். முகாம்களில் அந்தக் கருவியின் அச்சுத்தாளைக் கையில் கொடுப்பார்கள். பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை ஒப்பிடுங்கள். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனை இரத்த ஓட்டத்தைச் சொல்லும்.

இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பி12, தைராய்டு; கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். அறிகுறிகள் வழக்கமான சாயலில் இருந்தால், செலவு பிடிக்கும் நரம்பு மின்கடத்தல் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது.

மதுரையில் இதற்கெல்லாம் தனியாருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கலாம்; அங்கே முடியாததற்குக் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் நீரிழிவுக்காரர்களின் பாதங்களைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமும் உண்டு. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயதானவர்களுக்குப் பெரிய வசதி. மாத்திரை வாசலுக்கு வருகிறதே என்று வருடக்கணக்கில் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடுகிறவர்களைத்தான் என்ன சொல்வது.

கண்ணையும் காட்டிவிடுங்கள். காலின் நரம்பைக் கெடுத்த சர்க்கரை விழித்திரையையும் சிறுநீரகத்தையும் விட்டுவைக்காது. 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் விழித்திரைப் பரிசோதனைக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்வை மங்கினால் பாதத்தில் இருக்கும் புண்ணும் கண்ணுக்குத் தெரியாது.

நான்காம் படி: சர்க்கரையை இறக்குங்கள், அவசரப்படாமல்

இறந்த நரம்பை மீட்டுக் கொடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் வகை நோயாளிகள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைவதைக் காட்டியது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. அங்கே இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலருக்கு எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் போதும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும், தாழ்சர்க்கரை மயக்கம் வருபவர்களுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்தியே இலக்கு வைப்பார்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நெடுநாள் மிக அதிகமாக இருந்த சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் எரிச்சல் வரும். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 12-இலிருந்து 8-க்கு வந்தவர், ‘இன்சுலின் போட ஆரம்பித்த பிறகுதான் கால் எரிகிறது’ என்று சொன்னால் அது கற்பனையில்லை. இன்சுலினை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் எடுத்து, தணிந்துவிடும். அதுவரை வலிக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். ஊசியைத் தானாக நிறுத்தியவர்கள் வேறு வம்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் என்று பழகிய ஊர் இது. அதை முன்னிரவுக்கு இழுத்து, அளவைப் பாதியாக்கி, காய்கறியையும் பருப்பையும் கூட்டினாலே காலைச் சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். மதுவும் புகையும் நரம்புக்கு நேரடி எதிரிகள். அவற்றில் பேரம் கிடையாது.

ஐந்தாம் படி: மாத்திரைகளைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. டைக்ளோஃபெனாக் வகை, ஏற்கெனவே சர்க்கரையால் சோர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். நரம்பு வலிக்கு வேலை செய்பவை வேறு வகை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டியவை.

அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, மலிவானது. இரவில் 10 மில்லிகிராம் என்று தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். தூக்கம் வரும், அதுவே சிலருக்கு வரப்பிரசாதம். வாய் வறளும், மலம் கட்டும். இதயத் துடிப்புக் கோளாறு, சிலவகைக் கண் அழுத்த நோய், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டுலாக்ஸிடினை 30 மில்லிகிராமில் தொடங்கி 60-க்குக் கொண்டுபோவார்கள். முதல் வாரம் குமட்டும். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தேவலை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் ஆகாது. எரிச்சலோடு மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கு இரண்டுக்கும் உதவும். மாதக்கணக்கில் தூங்காதவருக்குச் சோர்வு வருவது இயல்பே.

பிரிகாபலினும் காபாபென்டினும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பிரிகாபலின் பெரும்பாலும் இரவில் 75 மில்லிகிராமில் தொடங்கும். நாளொன்றுக்கு 300 வரை போகலாம். தலைசுற்றல், பகல் தூக்கம், எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவை வரலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின், பிரிகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி குறைவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. ஒன்றில் பலன் போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது கூடுதல் நிம்மதி கிடைத்தது. ஆக, ‘எந்த மாத்திரை உசத்தி’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பது வீண். உங்கள் சிறுநீரகமும் இதயமும் வயதும் எதைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

இப்போது மருந்துக் கடைப் பட்டைக்கு வருவோம். ‘நரம்புக்குச் சத்து மாத்திரை’ என்று நினைத்து வாங்கும் பலவற்றில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 சத்தோடு பிரிகாபலினோ காபாபென்டினோ, அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த நார்ட்ரிப்டிலினோ கலந்திருக்கிறது. பட்டையைத் திருப்பி வெள்ளிப் பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எலும்பு மருத்துவர் ஒரு பெயரிலும், சர்க்கரை மருத்துவர் இன்னொரு பெயரிலும் எழுதியது ஒரே பிரிகாபலினாக இருக்கக்கூடும். இரண்டையும் விழுங்கிய பெரியவர் குளியலறையில் தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பிறகு விசாரிப்பதில் என்ன பயன்? இவற்றைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு வரும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகவே இறக்க வேண்டும்.

பி12 குறைவு என்று சோதனையில் தெரிந்தவருக்குப் பி12 ஊசியோ மாத்திரையோ நல்ல மருந்து. குறைவே இல்லாதவருக்கு அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பி6 சத்தை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதால், சத்து மாத்திரைதானே என்று இரண்டு மூன்று வகைகளை அடுக்கக் கூடாது. டிராமடால் போன்ற வலுவான வலி மாத்திரைகள் பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை; பாத எரிச்சலுக்கு அவற்றைக் கேட்டு வாங்காதீர்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேப்சாய்சின் களிம்பு இருக்கிறது. மிளகாயின் காரச்சத்துதான் அது. நாளுக்கு மூன்று நான்கு முறை, சில வாரங்கள் விடாமல் தடவ வேண்டும். முதலில் எரிச்சல் கூடித்தான் பிறகு அடங்கும். வெடிப்பு, புண் உள்ள இடத்தில் கூடாது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அன்றைய பொழுது போய்விடும். இதைப் படித்துவிட்டு யாரும் அம்மியில் மிளகாய் அரைக்க வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று தினமும் படுக்கும் முன் காலண்டர் தாளில் குறியுங்கள். எட்டாக இருந்தது நான்காக இறங்கி, தூக்கம் வந்தால் மருந்து வெற்றி. பூச்சியத்துக்குப் போவது அரிது. சரியான அளவை எட்டி நான்கு வாரமாவது பார்க்காமல் ‘கேட்கவில்லை’ என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொருவரிடமும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: இரவைக் கடப்பது

போர்வை பாதத்தில் படாமல் இருக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையை விரியுங்கள். மெல்லிய பருத்தி சாக்ஸ் சிலருக்குக் கூச்சத்தைக் குறைக்கும். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போடலாம். பனிக்கட்டி வேண்டாம், ஃபிரிட்ஜ் தண்ணீர் நிறைந்த வாளியில் மணிக்கணக்கில் காலை வைத்திருப்பதும் வேண்டாம். தோல் ஊறி வெடித்து, புண்ணுக்கு அதுவே வாசல் திறந்துவிடும்.

வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பை, உப்புப் போட்ட சுடுதண்ணீர் மூன்றுக்கும் மரத்த காலில் இடமே கிடையாது. உங்களுக்கு இதமாக இருக்கிற சூடு தோலை வேகவைத்துக்கொண்டிருக்கும்.

உள்ளங்காலில் மருதாணி வைப்பதைப் பலர் கேட்கிறார்கள். வீட்டில் அரைத்த இலை குளிர்ச்சி தரும், அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் சிவந்த பாதத்தில் புதிதாகச் சிவக்கும் இடம் தெரியாது. உணர்ச்சி நன்றாக இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். தொடு சோதனையில் தோற்றவர்கள் கையில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கைத் தவிர்த்து. தடவிய காலோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழாமல், படுத்த பிறகு தடவுங்கள்.

ஏழாம் படி: தினமும் பாதத்தைப் பாருங்கள்

கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை என்று காட்டினார். உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன. இரவில் எலி கடித்தும் விரல் போயிருக்கிறது. சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் அதே கதி நேரலாம். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறுவதும், முடியாதவர்கள் சாக்ஸ் போட்டுக் காலை மூடிப் படுப்பதும் அதனால்தான்.

மாலையில் வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். மேல்பாதம், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு, உள்ளங்கால் என்று வரிசையாகப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது கைபேசியில் உள்ளங்காலைப் படம் பிடித்து மகனிடமோ மருமகளிடமோ காட்டலாம். புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

கழுவும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கழுவியதும் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள்; ஈரம் தங்கினால் சேற்றுப்புண். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவர்கள் வரப்பில் ஏறியதும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைந்தால் நகச்சுத்தி வரும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாது. அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். பாதத்தில் தடித்துப்போன காய்ப்பு இருந்தால் அதற்கடியில் புண் இருக்கலாம், மருத்துவரே சீவட்டும். பித்தவெடிப்பில் மெழுகு உருக்கி ஊற்றும் பழைய வைத்தியம் எரிகிற திரியைக் காலில் வைப்பதற்குச் சமம்.

சூடு படும் இடங்கள் எதிர்பாராதவை. டவுன் பஸ்ஸில் இன்ஜினை ஒட்டிய இருக்கை, பைக்கின் சைலன்சர், மதிய வெயிலில் காய்ந்த மொட்டை மாடி. காலில் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

எட்டாம் படி: செருப்பு

வீட்டுக்குள்ளும் செருப்பு. பூஜை அறைக்கென்று தனி ஜோடி வைத்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களின் மனமும் கோணாது. பெருவிரலில் மாட்டும் ரப்பர் செருப்பை விரல்களால் இறுக்கிப் பிடித்துத்தான் நடக்க முடியும். மரத்த காலில் அது கழன்றும் போகும், விரலிடுக்கையும் அறுக்கும். பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர் அடித்தளம் போட்டது, நல்லது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்ப வேண்டும். சாதாரண ஸ்பாஞ்ச் கொஞ்ச நாளில் தட்டையாகிவிடும்.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போய் வாங்குங்கள். தாளில் நின்று பாதத்தின் வெளிக்கோட்டை வரைந்து கொண்டுபோங்கள். கடையில் அந்தத் தாளைச் செருப்பின் மேல் வைத்தால், எங்கே பாதம் வெளியே வழிகிறது என்று விற்பவர் சொல்லாமலே தெரியும். ‘போடப்போட இளகிவிடும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். முதல் சில நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷூ போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு மாட்ட வேண்டும். கல், ஆணி முனை, தேள் எதுவும் இருக்கலாம்.

ஒன்பதாம் படி: கோயிலும் நேர்த்திக்கடனும்

மதுரையில் கால் பராமரிப்பு பேசுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செருப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சித்திரை வீதியின் கல்தளமும், உள்ளே வானம் பார்த்த ஆடி வீதியும் நடுப்பகலில் தோசைக்கல்லாக இருக்கும். உணர்ச்சி உள்ளவர் ஓடிக் கடப்பார். மரத்துப்போனவர் நிதானமாக நடந்து கடப்பார். ஆபத்து அந்த நிதானத்தில்தான். அதிகாலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு போங்கள். சாக்ஸ் போட அனுமதிக்கிற இடமென்றால் தடித்த பருத்தி சாக்ஸோடு போங்கள்; பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், காலை மிதிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. உறவினர் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பதில் பக்தி குறைந்துவிடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

நூறு கிலோமீட்டருக்கு மேல் பழனிக்குப் பாதயாத்திரை, சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் செருப்பில்லாமல் இருப்பது, பூக்குழி இறங்குவது ஆகிய மூன்றையும் தொடு சோதனையில் தோற்றவர்கள் செய்யக் கூடாது என்பது என் முடிவான கருத்து. நேர்ந்துகொண்டதை மாற்றினால் தெய்வக் குற்றம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கோயில் பூசாரியிடமே கேளுங்கள். முடி காணிக்கை, அன்னதானம், பால்குடத்தைக் குடும்பத்தில் வேறொருவர் எடுப்பது என்று மாற்று வழி சொல்லுவார். செருப்போடு பாதயாத்திரை போகிறவர்களும் இருக்கிறார்கள். முருகன் திருப்பி அனுப்புவதில்லை.

பத்தாம் படி: நடை

புண் இல்லாத பாதம் என்றால் நடக்கலாம், நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுக்கணக்கு. தெப்பக்குளத்தைச் சுற்றியோ வண்டியூர்க் கண்மாய்க் கரையிலோ, நல்ல செருப்போடு. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு எட்டுப் போட்டு நடப்பது மரத்த காலுக்கு ஆகாது. எட்டைச் சமதரையில் செருப்போடு போடுங்கள். தடுமாற்றம் உள்ளவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் செய்யலாம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

அன்றே போக வேண்டிய நேரங்கள்

பாதத்தில் எந்தப் புண்ணும், வலிக்காவிட்டாலும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றம். விரல் கறுத்துப்போவது. காய்ச்சலோ குளிரோ, காரணமில்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறுவதோ. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கிறது, வலியோ அதிகம் இல்லை என்றால், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை அது. சுளுக்கு என்று எண்ணெய் நீவினால் பாதத்தின் வடிவமே போய்விடும்.

இப்படி ஒன்றைக் கண்டால் அந்தக் காலைத் தரையில் ஊன்றாதீர்கள். புண்ணில் மஞ்சள், காப்பித்தூள், பற்பசை, பச்சிலைச் சாறு எதையும் வைக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடுங்கள். பஸ்ஸுக்கு நடக்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். காய்ச்சலும் மயக்கமும் சேர்ந்திருந்தால் 108-ஐ அழையுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். போனவுடன் ‘சர்க்கரை இருக்கிறது, காலில் உணர்ச்சி இல்லை, இன்று புண்ணைப் பார்த்தேன்’ என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.